பாறையும் ஏரிக்கரையும்: தருமபுரி, கிருஷ்ணகிரி காடுகளில் ஊர்வனவற்றையும் தவளைகளையும் தேடிக் காண ஒரு முழுமையான வழிகாட்டி

இராயக்கோட்டை மலைக்கோட்டைக்கு ஏறுபவர்களில் பெரும்பாலானோர் உச்சியை நோக்கியே நடக்கிறார்கள். வழியின் இருபுறமும் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் பாறை ஓணான்கள், அவர்களுடைய நிழல் விழுந்ததும் விரிசலுக்குள் ஒதுங்கிக்கொண்டு, அவர்கள் கடந்துபோன சில நிமிடங்களில் மீண்டும் வெளியே வந்துவிடுகின்றன. ஏறியவர் எதையும் பார்க்காமலே இறங்கிவிடுகிறார். ஊர்வனவற்றையும் இருவாழ்விகளையும் தேடிக் காண விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: குறைந்த தூரம் நடங்கள், நெடுநேரம் நில்லுங்கள். ஐந்து கிலோமீட்டர் நடந்தும் கண்ணில் படாதது, ஒரே பாறைக்கு எதிரில் அரைமணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்தால் தானாக வெளியே வருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கீழே எழுதியிருப்பவை அனைத்தும் அந்தப் பொறுமையை எங்கே, எப்போது, எவ்வாறு செலவிடுவது என்பதைப் பற்றியவை.

முதலில்: எந்த இடம், யாருடைய அனுமதி

இந்த இரு மாவட்டங்களின் காடு, நீலகிரியிலோ ஆனைமலையிலோ காணும் ஈரம் சொட்டும் சோலைக்காடு அன்று. இங்கிருப்பவை ஆச்சா மரமும் மூங்கிலும் நிற்கும் வறண்ட இலையுதிர் காடுகள், முட்புதர்கள், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையான பாறைக் குன்றுகள், அவற்றின் அடியில் மழைநீரைத் தேக்கிவைக்கும் ஏரி குளங்கள் ஆகியவை. சோலைக்காட்டை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாற்றம் அடைவதுண்டு. வறண்ட நிலத்தின் உயிர்கள் வெப்பத்துக்கும் மழைக்கும் ஏற்பத் தம் நேரத்தை அமைத்துக்கொண்டவை என்பதைப் புரிந்துகொண்டவருக்கோ, இந்த நிலம் ஆண்டு முழுவதும் எதையாவது காட்டிக்கொண்டே இருக்கும்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளின் பெரும்பகுதி 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள்ளோ, 2022-ல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள்ளோ அடங்கும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்துக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையக்கூடாது. ஆகவே நடையைத் திட்டமிடும்போதே ஓசூரிலோ தருமபுரியிலோ உள்ள மாவட்ட வன அலுவலகத்தை அணுகி, எந்தப் பாதை, எந்த நாள், எத்தனை பேர் என்பதை எழுத்தில் கொடுத்து அனுமதி பெறுங்கள். வனத்துறைப் பணியாளர் ஒருவரை உடன் அனுப்பினால் அதைத் தடையாக எண்ணவேண்டாம். யானையின் தடம் எத்தனை மணி நேரத்துக்கு முந்தையது என்பதை அவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார், நம்மால் அது முடியாது.

யானையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. கர்நாடகத்தின் பன்னர்கட்டா பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் மழைக்காலத்தின் பிற்பகுதியில், கேழ்வரகு முற்றும் சமயத்தில், யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக இறங்குகின்றன. கீழே பார்த்து நடப்பவர் எதிரே நிற்பதைக் கவனிக்கமாட்டார். ஓணான் தேடுகிறவருக்கு இதுவே பெரிய ஆபத்து. பெரும்பாறைகளின் குகைகளில் கரடி தங்கும் என்பதையும் மறக்கவேண்டாம். எனவே இருவர் சேர்ந்து செல்லும்போது ஒருவர் தரையைப் பார்க்க, மற்றவர் சுற்றுப்புறத்தைப் பார்க்கவேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பணியை மாற்றிக்கொள்ளலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் காட்டுக்குள் போகவேண்டிய தேவையே இல்லை. இராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டைகளின் படிவழிகள், தீர்த்தமலைக்கு ஏறும் பாதை, வத்தல்மலைச் சாலையோரங்கள், ஊர் ஏரிக்கரைகள், மாந்தோப்புகளின் கல்வேலிகள் ஆகியவற்றிலேயே ஓராண்டுக்குத் தேவையானது கிடைக்கும். இரவுத் தேடலை முழுவதுமாக ஊர் எல்லைக்குள், யானை நடமாட்டம் இல்லாத ஏரிகளில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காலமும் நேரமும்

ஊர்வனவற்றின் உடல் வெப்பத்தைச் சுற்றுப்புறமே தீர்மானிக்கிறது. அவை வெயிலில் கிடந்து சூடேற்றிக்கொள்கின்றன, சூடு மிகும்போது நிழலுக்குள் ஒதுங்குகின்றன. கோடையில் காலை ஏழு மணிக்கே பாறைமேல் நடமாட்டம் தொடங்கி, பத்து மணிக்கெல்லாம் அடங்கிவிடும். மார்கழி, தை மாதங்களில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிர் கடுமையாக இருப்பதால் ஒன்பதரை மணிக்கு முன்னர் எதுவும் வெளியே வராது. அதன்பின் நண்பகல் கடந்தும் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். இராயக்கோட்டைக்கு அருகில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், அதிகாலையிலேயே வந்து பாறையைச் சுற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "கல்லு சூடு ஏறட்டும் தம்பி, அதுங்களே வெளிய வரும்" என்றார். அன்றுமுதல் நான் பாறையைத் தொட்டுப் பார்த்த பின்னரே தேடத் தொடங்குகிறேன். உள்ளங்கைக்கு இதமான சூடு இருந்தால் நேரம் சரி. கையை வைக்கமுடியாத அளவுக்குச் சுட்டால் நேரம் கடந்துவிட்டது.

தவளைகளுக்கான கணக்கு வேறு. சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடை மழையின் முதல் கனத்த இரவு, பிறகு தென்மேற்குப் பருவமழைக் காலம், அதற்கும் பிறகு ஐப்பசி, கார்த்திகையின் அடைமழை நாட்கள் என்று மூன்று வாய்ப்புகள் இங்கு உண்டு. இவற்றில் முதல் இரவைத் தவறவிடாதீர்கள்.

கையில் என்ன இருக்கவேண்டும்

கணுக்காலை மூடும் தடித்த காலணி, தளர்வான முழுநீளக் காற்சட்டை, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, குறிப்பேடு ஆகியவை போதும். இரவுக்கு இரண்டு டார்ச்சுகள் வேண்டும். அவற்றில் ஒன்று நெற்றியில் கட்டும் வகையாக இருக்கட்டும். பலரும் வாங்கத் தயங்கும் பொருளொன்று இருக்கிறது: இரண்டு மீட்டர் தொலைவிலும் தெளிவாகக் காட்டும் பைனாகுலர். பறவை பார்ப்பவர்களின் கருவி என்று எண்ணி அதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் பத்தடி தள்ளி நின்று ஓர் ஓணானின் செதில் ஒவ்வொன்றையும் பார்க்க அதைவிடச் சிறந்த வழி இல்லை. விலங்கும் நம்மைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைத் தொடரும். பாம்பு பிடிக்கும் கொக்கியைத் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். கையில் கொக்கி இருந்தால் பிடிக்கத் தோன்றும்.

பாறையில் தேடுவது

இந்த மாவட்டங்களுக்கே உரிய அழகு பாறைகளில்தான் இருக்கிறது. ஏற்றத்தின் அடியில் நின்று, கதிரவனை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு, பாறையின் விளிம்புகளைப் பைனாகுலரால் மெல்ல வருடிச் செல்லுங்கள். வானத்தின் பின்னணியில் சிறிய முடிச்சுப்போல எழுந்து நிற்கும் தலை, பெரும்பாலும் பாறை ஓணானின் தலையாகவே இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முதுகு செங்கல் சிவப்பும் மஞ்சளும் கலந்து ஒளிர, விலாவும் கால்களும் கரியாக இருண்டிருக்கும். பெண் பாறையின் சாம்பல் பழுப்பையே போர்த்துக்கொண்டு சிறியதாக இருப்பதால், ஆணைக் கண்டதும் அதைச் சுற்றி ஐந்தாறு அடிக்குள் பெண்ணைத் தேடுங்கள்.

ஒரு மே மாதக் காலையில் இராயக்கோட்டைப் படிகளின் ஓரத்தில் நான் கண்ட காட்சியைச் சொல்கிறேன். ஓர் ஆண், பாறையின் நுனியில் முன்னங்கால்களை ஊன்றி உடலை உயர்த்துவதும் தாழ்த்துவதுமாக இருந்தது. மற்றோர் ஆண் கீழிருந்து ஏறிவந்தபோது, மேலே இருந்ததன் நிறம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறியது. முதுகின் பட்டை வெளிறி மஞ்சளாக, விலாவின் கருமை கலைந்தது. சில நொடிகளில் நடந்து முடிந்த மாற்றம் அது. வந்தது திரும்பி ஓடியதும் பழைய நிறம் மெல்ல மீண்டது. நடந்துகொண்டே இருந்திருந்தால், 'ஒரு சிவப்பு ஓணான்' என்பதற்குமேல் எனக்கு எதுவும் கிடைத்திருக்காது.

விரிசல்களைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. கையை உள்ளே விடாமல், டார்ச்சை விரிசலின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒளியை உள்ளே வழியவிடுங்கள். பகலில் உறங்கும் பாறைப் பல்லிகள் மேற்சுவரில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெயிலும் குளிரும் மாறிமாறித் தாக்குவதால் பாறையின் மேற்பரப்பு அப்பளம்போல் உரிந்து, மெல்லிய கல்தகடுகளாகக் கிடப்பதைக் காண்பீர்கள். அந்தத் தகட்டுக்கும் பாறைக்கும் இடையிலுள்ள ஒரு விரல் இடைவெளியில்தான் பல்லியும் அரணையும் தேளும் வாழ்கின்றன. அத்தகடு ஒருமுறை உடைந்தால் உடைந்ததுதான். மனிதர் வாழ்நாளுக்குள் இன்னொன்று உருவாகாது. ஆகவே அதைப் பெயர்க்கவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

தரையில் தனியாகக் கிடக்கும் கற்களைப் புரட்டுவது சரணாலயத்துக்கு வெளியேயும் அரிதாகவே செய்யவேண்டியது. புரட்டத்தான் வேண்டும் என்றால், கல்லின் எதிர்ப்பக்க விளிம்பை ஒரு கம்பால் பற்றி உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அப்போது கல்லே உங்களுக்கும் உள்ளிருப்பதற்கும் நடுவில் கேடயமாக நிற்கும். உள்ளே ஏதேனும் இருந்தால், முதலில் அதை வெளியேறவிட்டுக் கல்லை முன்பிருந்த குழியில் அப்படியே பொருத்திவிட்டு, அதன் ஓரத்தில் அந்த உயிரைப் போகவிடுங்கள். உயிரின்மேல் கல்லை இறக்கக்கூடாது. இந்த எச்சரிக்கைக்குக் காரணம் சுருட்டை விரியன். ஒரு முழ நீளம்கூட இல்லாத இப்பாம்பு, வறண்ட கற்பாங்கான நிலத்தில் கல்லடியில் கிடக்கும். சினந்தால் உடலைச் சுருட்டி வளைத்து, அரம்போன்ற செதில்களை ஒன்றோடொன்று உரசி, சூடான சட்டியில் நீர் பட்டதுபோன்ற ஓசையை எழுப்பும்.

புதரிலும் சருகிலும்

திறந்த முட்புதர் நிலத்தில், பங்குனி முதல் ஆனி வரை, சிறு கல்லின்மேல் ஏறி நின்று கழுத்துச் சவ்வை விரித்து மடக்கும் விசிறித்தொண்டை ஓணானைத் தேடுங்கள். 2016-ல் இவ்வினக் குழுவில் புதிதாக விவரிக்கப்பட்ட இரண்டுக்கு அறிவியல் பெயராகத் தமிழ்ச் சொற்களே சூட்டப்பட்டன: ஒன்றுக்கு விசிறி, மற்றொன்றுக்கு மருதம்நெய்தல். நம் திணைப்பெயர் ஓர் ஓணானின் பெயராக உலகெங்கும் வழங்குவதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

சருகின் சரசரப்பைக் கேட்டு வேறுபடுத்தப் பழகவேண்டும். விட்டுவிட்டுக் கேட்கும் சிறு ஓசை அரணை. தொடர்ந்து இழுபடும் ஓசை பாம்பு. கனத்த, தயக்கமற்ற ஓசை உடும்பு. 'அரணை கடித்தால் மரணம்' என்ற சொல்லை நம்பி அதை அடித்துக் கொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அரணைக்கு நஞ்சே கிடையாது என்பதை வழியில் காணும் சிறுவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

மணற்பாங்கான ஓடைப் படுகைகளில் தடம் பார்க்கலாம். இருபுறமும் நக அடையாளம், நடுவே வால் இழுபட்ட நெடுங்கோடு என்றிருந்தால் அது உடும்பு. புற்றைக் கட்டுவது கறையான். பாம்பு அதில் குடியிருக்கும் விருந்தாளி மட்டுமே. உடும்பு புற்றுக்குள் முட்டையிடுவதும் உண்டு. எனவே புற்றைக் கிளறாமல், ஐந்தாறு மீட்டர் தள்ளி அமர்ந்து துளைகளைக் கவனியுங்கள். மஞ்சள் பூசி வழிபடும் புற்றாக இருந்தால் ஊரார் ஒருவரிடம் கேட்டுவிட்டு அமருங்கள். பாம்புச் சட்டை கிடைத்தால் எடுத்துப் பார்க்கலாம். தலைப்பகுதியில் கண்ணை மூடியிருந்த செதில்கூடக் கண்ணாடிபோல் உரிந்திருப்பதைக் காண்பது, படத்தில் பார்த்து அறிவதைவிட ஆழமாக மனத்தில் பதியும்.

பச்சோந்தியைப் பகலில் கண்டுபிடிப்பது மிகக் கடினம். உண்ணிச்செடிப் புதர்களிலும் வேலி ஓரங்களிலும் கிளையோடு கிளையாகக் கிடக்கும் அதைத் தேட, இலைகளைப் பார்க்காமல் கிளைகளின் வடிவத்தைப் பாருங்கள். ஒரு கிளை மட்டும் காற்று நின்றபிறகும் முன்னும் பின்னும் ஆடினால் அங்கே நில்லுங்கள்.

மழை இரவில் ஏரிக்கரை

'நுணலும் தன் வாயால் கெடும்' என்று சொன்னவர்கள் தவளை தேடத் தெரிந்தவர்களாகவே இருந்திருக்கவேண்டும். மண்ணுக்குள் புதைந்து ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கும் நுணலை, அது கத்தும் இரவில் தவிர வேறெப்போதும் காண முடியாது. ஆகவே இரவுத் தேடலில் கண்ணுக்கு முன் காதைப் பயன்படுத்துங்கள். கரைக்கு வந்ததும் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் நில்லுங்கள். முதலில் ஒரே இரைச்சலாகக் கேட்பது மெல்லப் பிரிந்து தனித்தனிக் குரல்களாகும். சீப்பின் பற்களை நகத்தால் வருடுவதுபோன்ற ஒலி, கட்டைவிரல் நகத்தளவே உள்ள சிறுவாய்த் தவளை. அவ்வளவு சிறிய உடலிலிருந்தா இவ்வளவு பெரிய ஓசை என்று வியக்காதவர் இல்லை. ஆழ்ந்த தொண்டையில் எழும் கனத்த குரல் பெருந்தவளை. மழைக்காலத்தில் அதன் ஆண் எலுமிச்சை மஞ்சளாக மாறி, தாடைக்குக் கீழே இரண்டு நீலப் பைகளை ஊதிக்கொண்டு அழைக்கும்.

குரலை நெருங்க இருவர் வேண்டும். பத்தடி இடைவெளியில் நின்று, இருவரும் குரல் வரும் திசையைக் கையால் சுட்டுங்கள். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் தவளை இருக்கும். அடி எடுத்துவைக்கும்போது குரல் நின்றால் நீங்களும் நில்லுங்கள். அது மீண்டும் தொடங்கியபின் அடுத்த அடி. பாலக்கோடு பக்கத்து ஏரியொன்றில், முதல் மழைக்கு மறுநாள் இரவில், இப்படி முக்கால் மணி நேரம் செலவிட்டு ஒரு மண்புதைத் தவளையை அடைந்தோம். உருண்டைக் களிமண்போல் இருந்த அது, எங்கள் ஒளியில் சற்று நேரம் அசையாதிருந்து, பின்னங்கால்களில் உள்ள மண்வெட்டி போன்ற தடிப்பால் இருபுறமும் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாகவே இறங்கியது. கடைசியில் இரு கண்கள் மட்டும் தெரிந்தன. பிறகு ஈரமண் மட்டும் இருந்தது.

டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தால்தான் விலங்குகளின் கண்ணொளி திரும்பி நம்மை வந்தடையும். புல்லில் நீலப்பச்சையாக மின்னும் நுண்புள்ளிகள் சிலந்திகள். நீர்மட்டத்தில் இணையாகத் தெரிபவை தவளைகள். ஏரியை எட்டிப்பார்க்கும் கிளைகளிலும், கிணற்றுச் சுவர்களிலும் வெண்ணுரை உருண்டை தொங்கினால் அது மரத்தவளையின் கூடு. உள்ளே பொரியும் தலைப்பிரட்டைகள் நேராக நீரில் விழும்படி அமைத்திருக்கும் அதைத் தொடவேண்டாம். எந்தத் தவளையையும் கையில் எடுக்காமல் இருப்பதே நல்லது. அவை தோலின் வழியாகவே நீரையும் காற்றையும் ஏற்பவை. நம் கையில் பூசியிருக்கும் கொசு விரட்டியும் அதே வழியில் உள்ளே போகும்.

காவிரிக்கரையில்

ஒகேனக்கல்லைச் சுற்றிய காவிரியில் சதுப்புநில முதலைகளும், அருகிவரும் லீத் மென்னோட்டு ஆமைகளும் வாழ்கின்றன. குளிர்காலக் காலை வேளையில், மறுகரையின் மணல்திட்டையும் நீர்மருது மர வேர்களையும் உயரமான இடத்திலிருந்து பைனாகுலரால் பாருங்கள். நீரின் விளிம்புக்கு இறங்கவே வேண்டாம். முதலையை அருகில் பார்க்க விரும்பினால் ஒகேனக்கல்லிலேயே வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது.

பாம்பு எதிர்ப்பட்டால்

நின்றுவிடுங்கள், பிறகு இரண்டு எட்டுப் பின்வாங்குங்கள், பாம்பின் உடல் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு தொலைவுக்குக் குறையாமல் இடைவெளி இருக்கட்டும். அதன்பின் நிதானமாகப் பார்க்கலாம். கட்டுவிரியனின் வெண்பட்டைகள் மெல்லியவை. கழுத்தருகே மங்கி, வால்பக்கம் தெளிவாகும். நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனுக்கு இதற்கு நேர்மாறாக, கழுத்திலிருந்தே பட்டைகள் அகலமாகத் தொடங்கி வால்பக்கம் மங்கும். இந்த வேறுபாட்டைத் தொலைவிலிருந்து ரசிப்பதற்காகச் சொல்கிறேன்; அருகில் போவதற்கான உரிமமாக அல்ல. கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று எண்ணிக் கையில் எடுத்து உயிரிழந்தவர்கள் உண்டு.

கடிபட்டால், இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது ஆகிய எதையும் செய்யக்கூடாது. மோதிரம், வளையல், கொலுசு, காலணி ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் அந்த உறுப்பை அசையாமல் கம்பு வைத்துக் கட்டி, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிச் சென்று, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. நடைக்கு முன்பே பாதையிலிருந்து அங்குச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணக்கிட்டு வையுங்கள். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமலே போகலாம். இமைகள் சொருகத் தொடங்கும்வரை காத்திருப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். பாம்பைத் துரத்திப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. நம் நாட்டில் வழங்கப்படும் நச்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. அம்மருந்துக்கான நஞ்சைத் திரட்டித் தருவதில் 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பாம்பைக் கொன்று தோலுரித்துப் பிழைக்கவேண்டியிருந்த ஒரு சமூகம், பாம்பைக் காட்டுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே நம் உயிரையும் காக்கிறது.

குறிப்பும், திரும்பும் வழியில் செய்யவேண்டியதும்

ஒவ்வொரு காட்சிக்கும் நாள், நேரம், வெயிலா மேகமா, கடைசியாக மழை பெய்து எத்தனை நாள், விலங்கு நின்ற இடம், அது செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் செயல் மறந்துபோய்ப் பெயர் மட்டும் மிஞ்சும். எதுவும் காணாத நாளையும் எழுதவேண்டும். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் ஏற்றினால் இனத்தை உறுதிசெய்ய அறிந்தவர்கள் உதவுவார்கள். ஆனால் கட்டாமை, அதாவது நட்சத்திர ஆமை, கண்ணில் பட்டால் அந்த இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். வளர்ப்பு விலங்காக விற்பதற்காக இது பெருமளவில் கடத்தப்படுகிறது. 2019-ல் பன்னாட்டு வணிகம் முற்றாகத் தடைசெய்யப்பட்ட பிறகும் கடத்தல் நிற்கவில்லை. படத்தில் தெரியும் ஒரு குன்றின் வடிவமே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், பின்னணி இல்லாமல் எடுப்பது நல்லது.

ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குப் போகுமுன், காலணியின் அடியில் ஒட்டியிருக்கும் சேற்றைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் முழுவதுமாக உலரவிடுங்கள். தவளைகளைக் கொல்லும் பூஞ்சை நோய் உலகின் பல பகுதிகளில் ஈரச் சேற்றோடு பரவியிருக்கிறது. நான் ஒரு பழைய பல்துலக்கியையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் இதற்கென்றே வண்டியில் வைத்திருக்கிறேன். கரையை விட்டு இருபது அடி தள்ளி வந்த பிறகே கழுவுகிறேன், கழுவிய நீர் ஏரிக்குள் திரும்பிப் போய்விடக்கூடாது என்பதற்காக.